சேர்வராயன் மலையில் ஒரு மாதம்: கிராமத்து ஆர்ட் ரெசிடென்சிக்குப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

ஓவியம், சிற்பம், எழுத்து, புகைப்படம், நெசவு என்று எதுவாகவும் இருக்கட்டும். வீட்டு வேலையும் சம்பள வேலையும் குறுக்கே வராத சில வாரங்களை உங்கள் கைவேலைக்கென்றே ஒதுக்கித் தரும் ஏற்பாடுதான் ரெசிடென்சி. அமெரிக்காவில் மெக்டவல் என்ற அமைப்பு 1907-லிருந்து இதைச் செய்கிறது. இந்தியாவில் எழுத்தாளர்களை அழைத்துத் தங்கவைக்கும் சங்கம் ஹவுஸ் 2008-ல் தொடங்கியது. நம்மிடம் 1966-லேயே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்பவில்லை. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று, அந்தக் காசில் அங்கேயே குடியிருந்து வரைந்தார்கள்.

இந்த வழிகாட்டி சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சுற்றியுள்ள எஸ்டேட் பங்களாவிலோ கிராமத்து வீட்டிலோ சில வாரம் தங்கி வேலை செய்யப் போகிறவர்களுக்கானது. அழைப்புக் கடிதத்தில் இருக்கும் வசதிப் பட்டியலைவிட, மலையின் நேரத்தோடும் அங்கே வாழ்கிறவர்களோடும் உங்கள் வேலை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த மாதம் நன்றாக அமையும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்கான தயாரிப்புத்தான்.

1. எந்த மாதிரி ஏற்பாடு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ரெசிடென்சி என்ற ஒரே பெயரில் நான்கு விதம் உண்டு. முதலாவது, தங்குமிடம், சாப்பாடு, சில சமயம் உதவித்தொகையும் தருவது. இரண்டாவது, நீங்கள் கட்டணம் கட்டித் தங்குவது. மூன்றாவது, தங்குவதற்கு ஈடாகத் தோட்ட வேலையோ பயிற்சி வகுப்போ கேட்பது. நான்காவது, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நீங்களே உருவாக்கிக்கொள்வது. நான்காவதைக் குறைவாக நினைக்காதீர்கள். யாருக்கும் அறிக்கை தர வேண்டியதில்லை என்பதால், நன்றாக வேலை நடப்பது பல சமயம் அங்கேதான்.

ஒப்புக்கொள்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். வேலை செய்ய தனி அறை உண்டா, படுக்கும் அறையிலேயே வேலையா? ஜன்னல் எந்தத் திசையில்? சமையல் யார்? தண்ணீர் கிணறா, ஊற்றா, லாரியா? கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு என்ன? கடைசியில் ஒரு படைப்பை அங்கே விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு ஓவியத்தைக் கொடுத்துவிட்டால் அதன் பதிப்புரிமையும் கூடவே போய்விடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தராத வரை உரிமை உங்களிடமே இருக்கும். ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு, அவருக்காகச் செய்து தரும் போட்டோ, ஓவியம், உருவப்படம் போன்றவை வேறு கணக்கு. அதற்கு முன்கூட்டியே தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர் தங்கினால், இடம் தருகிறவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அந்த விவரத்தைப் பதிய வேண்டும். எஸ்டேட்காரருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். கிளம்புவதற்கு முன்பே நினைவூட்டிவிடுங்கள்.

2. விண்ணப்பம்

பத்துப் பதினைந்து படைப்புகளின் படங்கள், உங்களைப் பற்றி ஒரு பக்கம், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பக்கம். பெரும்பாலும் இவ்வளவுதான் கேட்பார்கள். இதில் திட்டப் பக்கத்தில்தான் அதிகம் பேர் நழுவுகிறார்கள். “மலையின் அமைதியில் என் கலையைத் தேட விரும்புகிறேன்” என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. “களத்தில் காயும் காபிப் பழம் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாறுவதைத் தினமும் உள்ளங்கை அளவுத் தாளில் ஒரு நிறமாகப் பதிவு செய்வேன்” என்று எழுதிப் பாருங்கள். செய்யக்கூடிய வேலை, அந்த இடத்தில் மட்டும் செய்யக்கூடிய வேலை என்று உடனே புரியும். போன பிறகு திட்டம் மாறலாம், யாரும் கோபிக்கப் போவதில்லை.

3. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே சேலம் வெயிலில் கொதிக்கும்போதும் மேலே 30 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஆனால் குளிர்ச்சியை மட்டும் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் போதாது, மலையில் அந்தச் சமயத்தில் என்ன வேலை நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இங்கே பலருடைய வருஷம் காபியின் வருஷந்தான். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிப்பு. எஸ்டேட் முழுக்க ஆட்கள், களத்தில் பழம், காற்றில் புளித்த தோலின் வாடை. மனிதரை வரைகிறவருக்கும் போட்டோக்காரருக்கும் இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. சாயங்காலம் மூடுபனி இறங்கிவிடும், வெளிச்சம் சீக்கிரம் போய்விடும்.

மார்ச், ஏப்ரலில் கோடையின் முதல் நல்ல மழை விழுந்து ஒன்றரை வாரம் ஆகும்போது காபிச் செடிகள் ஒரே சமயத்தில் பூக்கும். சரிவு முழுக்க வெள்ளை, மல்லிகையை நினைவூட்டும் மணம். மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும். இதைப் பார்க்க நாள் குறித்துப் போக முடியாது, அங்கேயே தங்கியிருக்க வேண்டும். ரெசிடென்சி என்ற ஏற்பாட்டின் பலன் இங்கேதான் தெரிகிறது. சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்காத நாட்கள் அங்கே குடியிருப்பவருக்குக் கிடைக்கின்றன.

மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் இருக்கும். வார இறுதியில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டும். ஏரிக்கரைப் பக்கம் தங்கினால் வேலை நடக்காது. ஊரை விட்டுத் தள்ளி நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் உள்ள இடங்களுக்குச் சத்தம் அவ்வளவாக எட்டாது.

ஜூனில் தொடங்கும் மழை, விட்டு விட்டு நவம்பர் வரை நீளும். எழுதுகிறவர்களுக்கு நான் இந்தக் காலத்தையே சொல்வேன். தண்ணீர் வண்ணக்காரருக்கும் மண் வேலை செய்கிறவருக்கும் சொல்ல மாட்டேன், காரணம் அடுத்த படியில். எந்த மாதமானாலும் மூன்று வாரத்துக்குக் குறைவாகப் போகாதீர்கள். முதல் வாரம் பழகுவதற்கே போய்விடும்.

4. ஈரப்பதத்துக்குத் தயாராகுங்கள்

மலைக்குப் போகும் கலைஞர்கள் ஸ்வெட்டரை மறக்க மாட்டார்கள். மறப்பது ஈரத்தை. சாமான் கட்டும்போது இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

தண்ணீர் வண்ணத் தாள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். வண்ணம் நினைத்ததைவிடப் பரவும், காய மறுக்கும். தாள்களை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் மெதுவாகச் சூடுபடுத்தினால் மறுபடி உலர்ந்துவிடும். கேமரா லென்ஸுக்கும் இதே பெட்டிதான். லென்ஸை ஈரத்தில் வாரக்கணக்கில் பைக்குள்ளேயே வைத்திருந்தால் உள்ளே பூஞ்சை படரும். சுத்தம் செய்வது செலவு, சில சமயம் லென்ஸே போய்விடும்.

எண்ணெய் வண்ணம் காற்றோடு வினைபுரிந்துதான் இறுகும். குளிரிலும் ஈரத்திலும் இருட்டறையிலும் அது தாமதமாகும். அதனால் தடித்த பூச்சையெல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கடைசி நாளில் ஈரக் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குவது பெரும்பாடு. அக்ரிலிக் சீக்கிரம் காயும். ஆனால் 10 டிகிரிக்குக் கீழே அது சரியாகப் படலம் கட்டாது. பகலில் அந்தச் சிக்கல் வராது. மார்கழி இரவில் மட்டும் ஈரப் படத்தைத் திறந்த ஜன்னலோரம் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

களிமண் வேலை மழைக்காலத்தில் உலர வாரக்கணக்கில் எடுக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கும்போது சூளையில் வைத்தால் நீராவி உடைத்துவிடும். சூளை இல்லாத இடமாக இருந்தால், உருவங்களைச் சின்னதாகச் செய்து, நன்றாக உலர்த்தி, கீழே சேலத்துக்குக் கொண்டுவந்து சுடலாம்.

பாதுகாப்புக்காக ஒன்று. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ஓடும் மரமுமாக இருக்கும் பழைய பங்களாவில் இது விளையாட்டு விஷயமில்லை. துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். டர்பன்டைனையும் வண்ணத் தண்ணீரையும் ஓடையில் ஊற்றவே கூடாது. உங்களுக்குக் கீழே உள்ள வீட்டுக்காரர் அதே ஓடையில் தண்ணீர் எடுக்கலாம். கழிவை ஒரு கேனில் சேர்த்து, வண்டல் படியவைத்து, தெளிந்த டர்பன்டைனை மறுபடி பயன்படுத்துங்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காபித் தோட்டம் நிழலில் வளர்வது. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் மேலே கூரை போட்டிருக்கும். அதன் வழியே வரும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். அங்கே வைத்து வரைந்த படத்தைத் திறந்த வெளியில் பார்த்தால் சிவப்புகள் தூக்கலாகத் தெரியும். தினமும் ஒருமுறை படத்தைக் களத்துக்கு எடுத்துப் போய், வானத்து வெளிச்சத்தில் பார்த்துத் திருத்துங்கள். இரவு வேலைக்கு நல்ல வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றையும் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரையும் கொண்டுபோங்கள்.

மற்றவை: டார்ச், ரப்பர் செருப்பு, மழைக்கோட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் முழு மாதத்துக்கும், கொஞ்சம் சில்லறைப் பணம். பிளாஸ்டிக் பையும் கப்பும் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்க அவற்றுக்குத் தடை.

5. மலை ஏறுதல்

சேலம் ஜங்ஷன் வரை ரயில், அங்கிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து போகும் முக்கியப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு. வயிற்றைப் புரட்டும் என்றால் பேருந்தில் முன் இருக்கை கேளுங்கள், லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஏற்காடு பஸ் நிலையத்தில் இறங்கியதும் உங்கள் கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடமே கேட்டுவிடுங்கள். கிராமத்துக்குச் சில பஸ்களே இருக்கும்.

சாமான் வாங்குவதைச் சேலத்திலேயே முடியுங்கள். ஆணி, பலகை, நூல், துணி, பெயின்ட் எல்லாம் அங்கே கிடைக்கும். கலைஞர்களுக்கான தரமான வண்ணமும் தாளும் வேண்டுமென்றால் சென்னையிலோ பெங்களூரிலோ வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

பெருமழையில் பாதை அடைபடும் என்பதையும் மனதில் வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மழைக்காலத்தில் திரும்பும் ரயிலுக்கும் மலை இறங்குவதற்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

6. முதல் வாரம்

முதல் வாரத்தில் வேலை நடக்காது. நகரத்தின் பரபரப்பு உடம்பில் மிச்சமிருக்கும். வந்த மறுநாளே பெரிய கேன்வாஸை மாட்டி நிற்பவர்கள் நான்காம் நாள் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னதாகச் செய்யுங்கள். காலையில் ஒரே பாதையில் நடங்கள், தினமும் அதே மரத்தையோ அதே வீட்டையோ பத்து நிமிஷம் வரையுங்கள். கேட்கும் சத்தங்களை எழுதி வையுங்கள். உங்கள் அறையில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எத்தனை மணிக்குப் பனி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் வேலைக்கான கால அட்டவணை தானே கிடைத்துவிடும். பனிக்காலமாக இருந்தால் அது பெரும்பாலும் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை வண்ணம், அப்புறம் படிப்பு, இரவு எழுத்து என்று அமையும்.

கல்லையும் பாருங்கள். இந்த மலை சார்னோக்கைட் என்னும் கருநீலச் சாம்பல் நிறப் பாறையால் ஆனது. மேல் முகடுகளில் பாக்சைட் படிந்திருக்கிறது. செம்மண்ணை அரைத்துச் சலித்துக் கோந்தில் குழைத்தால் நல்ல வண்ணம் கிடைக்கும், வீட்டுத் தோட்டத்து மண்ணே போதும். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வு பெற்ற பின் வாழ்ந்தது ஏற்காட்டில்தான். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நடக்கும் பழக்கம் இந்த மலைக்குப் புதிதில்லை. ஆனால் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அங்கிருந்து ஆர்க்கிட் செடியோ வேறு எதுவோ எடுத்துவரவும் கூடாது. ஆர்க்கிட் வரைய ஆசையிருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா ஏற்காட்டிலேயே இருக்கிறது.

7. அன்றாடம்

சாப்பாடு எளிமையாக இருக்கும். சமைக்கும் அக்காவிடம் உங்களுக்கு ஆகாதது எது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பத்தாம் நாள் சொன்னால் அவருக்கு மனசு கஷ்டப்படும். ராகிக் களியும் சாமைச் சோறும் கிடைத்தால் விடாதீர்கள். மரம் விழுந்தால் கரண்ட் மணிக்கணக்கில் போகும், போன் சிக்னல் ஒரு மூலையில்தான் எடுக்கும். வீட்டுக்குத் தினமும் ஒரே நேரத்தில் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டால் அங்கே யாரும் பதற மாட்டார்கள்.

காட்டெருமையை இங்கே காட்டுமாடு என்றும் சொல்வார்கள். விடியற்காலையிலும் இருட்டும் நேரத்திலும் காபிச் செடிகளுக்கு நடுவே நிற்கும். பார்த்தால் அசையாமல் நின்று, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள். இருட்டிய பிறகு தனியாக நடக்க வேண்டாம், டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக வேண்டாம், பாம்பு இருக்கலாம். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குச் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். அவசரத்துக்கு 108.

8. ஊர் மனிதர்கள்

இந்தப் படியை நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். பெயர் அப்படி இருந்தாலும் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லும் கதை அவர்களிடம் உண்டு. மலை உச்சியில், 1,600 மீட்டருக்கு மேலே, குகைக்குள் இருக்கும் சேர்வராயன் அவர்களுடைய சாமி. அந்தக் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் திரளும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் விருந்தாளி. முன்னால் போய் முட்டிக்கொண்டு கேமராவை நீட்டாதீர்கள், சாமி இருக்கும் இடத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

ஒரு கிராமத்துக்குள் முதல்முறை போகும்போது ஊர்ப் பெரியவரைப் பார்த்து, யார், எங்கே தங்கியிருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். “நான் எஸ்டேட்ல தங்கியிருக்கேனுங்க ஐயா, படம் வரையறவன். ஊரைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போகலாமுங்களா?” என்று கேட்டால் போதும். யாராவது ஒரு அம்மா “வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்பார். உட்கார்ந்து குடியுங்கள், அன்றைக்கு நோட்டைத் திறக்காதீர்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை போகும்போது வரையலாம். வரைந்ததைக் காட்டுங்கள். மூக்கு சரியில்லை என்று சொன்னால் அது உண்மையாகவே சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கும் முகத்தைப் பற்றி அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பழம் பறிக்கும் அக்காவை ஒரு மணி நேரம் உட்காரவைத்து வரைந்தால் அவருக்கு ஒரு மணி நேரக் கூலி போகிறது. அதை ஈடுகட்டும் பணத்தை முன்பே பேசிக் கொடுங்கள். எஸ்டேட்டில் வேலை நேரத்தில் என்றால் மேஸ்திரியிடமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திட்டு அந்த அக்காவுக்குத்தான் விழும். குழந்தைகளைப் படம் எடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள். போட்டோ எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். “வேணாமுங்க” என்று சொன்னால் மறுபடி கேட்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுக்கச் சொன்னால் தயங்காமல் போங்கள். ஆளுக்கு ஒரு தாள், ஒரு கரித்துண்டு போதும்.

9. வேலை நின்றுபோனால் கீழே இறங்குங்கள்

பெரும்பாலோருக்கு நடுவில் ஒருமுறை வேலை நின்றுபோகும். அறையிலேயே உட்கார்ந்து வருந்துவதைவிட ஒரு நாள் சேலத்துக்கு இறங்கிவிட்டு வருவது நல்லது. சிற்பிகளுக்குத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது. யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தை நேரில் பார்த்தால், உளி எவ்வளவு பொறுமையாக உள்ளே போயிருக்கும் என்று தெரியும். நெசவுக்காரருக்கு இளம்பிள்ளை, தறிச் சத்தம் கேட்காத தெருவே அங்கே குறைவு. உலோக வேலைக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். சினிமாப் பிரியர்கள் ஏற்காடு சாலையில், 1930-களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்க்கலாம், ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று அதுதான் மிச்சம். திரும்பும்போது ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

10. கூடத் தங்குகிறவர்கள்

கதவு மூடியிருந்தால் தட்டாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளலாம். அடுத்தவர் கேட்காமல் அவருடைய முடியாத படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். சமையலறைப் பாத்திரத்தை உடனே கழுவி வையுங்கள், சண்டை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

11. கடைசி வாரம்

பல இடங்களில் கடைசி வாரம் ஒரு திறந்த நாள் வைப்பார்கள். சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களை அழைப்பார்கள். உங்கள் படத்தில் இருக்கும் ஊர்க்காரர்களை நீங்களே நேரில் போய் அழையுங்கள், வேலை முடிந்து அவர்கள் வரக்கூடிய மாலை நேரமாக வையுங்கள். படங்களுக்குக் கீழே தமிழில் பெயர் எழுதி வையுங்கள்.

கட்டும்போது தாள் வேலைகளை இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். எண்ணெய்ப் படம் முழுதாக உலராவிட்டால் இரண்டு கேன்வாஸ்களை முகத்தோடு முகம் வைத்து, நான்கு மூலையிலும் தக்கை கொடுத்துக் கட்டினால் ஒன்றையொன்று தொடாமல் வரும். பேருந்தில் இதை ஏற்ற முடியாது, கீழே வரை ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள். மீந்த தாளும் பென்சிலும் பள்ளிக்கு. வண்ணக் கழிவுக் கேனையும் காலி டியூப்களையும் உங்களோடு கீழே எடுத்துப் போங்கள், மலையில் விட்டால் அவை சேருமிடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஓடைக்கரைதான்.

யாரை வரைந்தீர்களோ, எடுத்தீர்களோ, அவர்களுக்கு ஆளுக்கொரு பிரிண்ட் சேலத்திலேயே போட்டு, கிளம்பும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். நேரமில்லை என்றால் முகவரி வாங்கிக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தபாலில் அனுப்புங்கள்.